படுதாவை அறுத்த சென்னம்மாள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாடக சாமான் வாடகைக்குக் கிடைக்கும் வீடு எது என்று கேட்டால், "சண்டைக்காரி வீடுதானே?" என்று சொல்லிவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். சென்னம்மாளுக்கு அது தெரியும். அதற்காக அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அந்த வீட்டில் ஒருத்திக்காவது வாய் இருந்தாக வேண்டும். தம்பி முனிவேல் யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுகிறவன். கடவுள் அவனுக்கு வாயில் வைக்க வேண்டியதையும் சேர்த்துக் கையிலேயே வைத்துவிட்டார் என்று அக்காள் சொல்வாள்.

அப்படிப்பட்ட கை அது. பன்னிரண்டு வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு நாடகக் கம்பெனியோடு போனவன். வேஷம் கட்டத்தான் சேர்ந்தான். குரல் உடைந்ததும் மேடைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்கேதான் ஆளானான். சேலம், ஈரோடு, திண்டுக்கல் என்று எங்கே கொட்டகை போட்டாலும் அங்கிருந்து ஒரு கார்டு வரும். மற்றவர்கள் எழுதும் கார்டில் உடம்பு சுகமும் மழையும் இருக்கும். முனிவேல் கார்டில் மேடை இருக்கும். ஜனங்கள் பார்க்கிற பக்கம் முகப்பு. முகப்பை மூடித் திறப்பது முன்படுதா. அதற்கு மேலே, கயிறும் கப்பியும் கண்ணில் படாமல் மறைக்கிற குட்டைத் துணி தொங்கல். இரண்டு பக்கமும் துணி அடித்த மூங்கில் சட்டம், அது பக்கத் தட்டி. வேஷக்காரர்கள் அதன் இடுக்கில் நின்றுதான் வருவதும் போவதும். கடைசியில் முதுகுப்புறம் தொங்குவது சீன். அரண்மனை, காடு, தெரு என்று எழுதிய பெரிய துணி.

ஐந்தாம் வகுப்பு வரை படித்த சென்னம்மாள் அந்தக் கார்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோலார் தங்கவயலில் வேலைக்குப் போன புருஷன் அங்கேயே செத்துப்போய், ஒரு கைத்தையல் மிஷினோடு அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த காலம் அது. நாடகம் ஒன்றுகூடப் பார்க்காமலே, மேடையில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று.

பதினோரு வருஷம் கழித்துக் கம்பெனி கலைந்தது. முனிவேல் தலையில் இரண்டு சீன்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்று காடு, மற்றொன்று தர்பார். தர்பார் இருபது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். எட்டுத் தூண், நடுவே சிங்காதனம், அதன் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு கோட்டைச் சுவர். எழுதியவன் கெட்டிக்காரன். ஆனால் எலி கடித்துக் கந்தலாகக் கிடந்தது. சென்னம்மாள் நாலு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்துமூன்று ஒட்டுப் போட்டாள். ஒவ்வொரு ஒட்டுக்கும் தம்பி சாயம் கலந்து கொடுக்க, சுற்றியிருக்கும் நிறத்தோடு சேரும்வரை பூசினாள். பத்தடி தள்ளி நின்றால் எது ஒட்டு, எது பழசு என்று அவளாலேயே சொல்ல முடியாது.

பிறகு முன்படுதாவும் தொங்கலும் அவளே தைத்தாள். கம்பங்கள் சேர்ந்தன. எட்டுக் கம்பத்துக்கும் தாரில் நம்பர் போட்டாள். மூன்றரை அடி புதைக்க வேண்டும் என்பதால் அந்த அளவில் ஒவ்வொரு கம்பத்தையும் சுற்றி ஒரு தார்க்கோடு. நட்ட கம்பத்தில் கோடு மண்ணை ஒட்டி இருந்தால் கம்பம் அசையவில்லை. கோடு மேலே தெரிந்தால் மண் விடுகிறது. இது அவளே யோசித்தது. கம்பெனியில்கூட இப்படி ஒன்று இருந்ததில்லை என்று முனிவேல் சொன்னான்.

ஆறு வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு மேடை. நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. முனிவேல் கட்டின மேடை சாயாது என்று ஊத்தங்கரை வரைக்கும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் அவர்கள் சொத்து. ஒரே ஒரு மேடை விழுந்தால் போதும், அது போய்விடும்.

நூற்றுப் பத்தொன்பதாவது மேடை, 1955 ஆடியில், பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர்.

நாகரசம்பட்டியில் நீலம் மாம்பழம் ஏற்றிப் பெங்களூர் போகிற லாரியில் கூடைகளின் மேல் கம்பங்களைப் போட்டு, அதன் மேல் இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஓசூர் வந்தார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. மூன்று நாள் திருவிழா. ஊர் வாலிபர்கள் ஒரு ராஜா நாடகம் பழகியிருந்தார்கள். வசனம் தமிழில், பாட்டு கன்னடத்தில், நடுவே கோமாளி மட்டும் தெலுங்கில். வேஷம் அவர்கள் பாடு. மேடை முனிவேல் பாடு.

ஊர் நடுவில் மந்தை. மந்தையில் ஏற்கெனவே ஒரு சதுர மண்மேடை. முனிவேல் காலையில் முதல் வேலையாக ஒரு கை ராகி உமியை எடுத்துத் தலைக்கு மேல் தூவிப் பார்த்தான். உமி நேராகக் கிழக்கே பறந்தது. மேற்குக் காற்று. முதுகை மேற்கே வைத்து, முகப்பைக் கிழக்கே திறக்க வேண்டும். மேற்கே இழுகயிறு ஐந்து கட்டி முளையடித்தால் எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாது. கிழக்கே அம்மன் கோயில். மேடை அம்மனைப் பார்த்துத் திறக்க வேண்டும், முதல் பார்வை அவளுடையது என்பது அந்த ஊர் வழக்கம். காற்றும் வழக்கமும் ஒரே பக்கம் இருந்தன. சென்னம்மாளுக்குத் திருப்தி.

எட்டுக் கம்பமும் நட்டு முடித்தபோது மணியக்காரர் கிருஷ்ணப்பன் வந்தார். வேட்டிக்கு மேல் கோட்டு, கையில் குடை.

"ஏ முனிவேலு, என்னாப்பா இது? மேடை அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது?"

"அம்மன் பக்கமுங்க. காத்துக்கும் அதான்..."

"ஓசூர்ல இருந்து ஆபீசர் வராரு. என் வீட்டு முன்னால பந்தல் போட்டு நாற்காலி போட்டாச்சு. அவரு வந்து மேடையோட முதுகையா பாக்கறது? திருப்பு."

மணியக்காரர் வீடு மேற்கே இருந்தது.

"சரிங்க," என்றான் முனிவேல்.

தொங்கலுக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்த சென்னம்மாள் எழுந்தாள்.

"என்னாத்தடா சரிங்க? ஏனுங்க மணியக்காரரே, ஆடி மாசம் மேக்கால காத்து எப்பிடி அடிக்கும்னு நான் சொல்லணுமா? நீங்க இந்த ஊர்ல பொறந்தவரு."

"காத்து உங்க ஊர்லயும்தான் அடிக்குது."

"அடிக்குது. நாங்க அதுக்கு நேரா வாயைத் தொறந்து வெக்கறதில்ல. மூணு பக்கம் துணி, ஒரு பக்கம் வாய். காத்து உள்ள வந்தா எங்க போவும்? கோணிப்பையைப் புடிச்ச மாதிரி புடிச்சுக்கும். கம்பத்தோட தூக்கும்."

"சும்னிரம்மா," என்று கன்னடத்தில் வாயடைத்தார் மணியக்காரர். "நான் மேடைக்காரன்கிட்ட பேசறேன். பொம்பளகிட்ட இல்ல."

"மேடைக்காரன் பேசமாட்டான். அதான் நான் பேசறேன்."

குழி தோண்ட வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். அது மணியக்காரருக்குப் பொறுக்கவில்லை. குடையைத் தரையில் ஓங்கிக் குத்தினார். "இந்த ஊர்ல மேடை போடணுமா, வேண்டாமா? வேண்டாம்னா சாமானை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. பாகலூர்ல இருந்து ஓசூர் வரைக்கும் எந்த ஊர்ல உங்களைக் கூப்பிடறாங்கன்னு பாத்துடறேன்."

முனிவேல் முதல் கம்பத்தைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான்.

ஆட்களுக்குக் களி கொண்டுவந்த பூவம்மாள் அங்கேயே கூடையை இறக்கிவிட்டாள். பூசாரிக்கு அண்ணி முறை. அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. "அம்மனுக்கு முதுகைக் காட்டி ஆபீசருக்கு மூஞ்சியைக் காட்டப் போறாங்களா? ஏன், அம்மன் என்னா மனு குடுக்க வந்தவளா, பின்னால நிக்க?"

பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் மணியக்காரர் முகத்தையும் அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மனைக் கரகத்தில் இறக்கி, ஆபீசர் நாற்காலிக்குப் பக்கத்தில் மேடையைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டால் தோஷமில்லை என்றார்.

"நாற்காலி மேலயா, தரையிலயா?" என்று ஒருவன் கேட்டான்.

"அம்மனை எங்க வேணும்னாலும் எடுத்துவெச்சுக்குவீங்க," என்றாள் சென்னம்மாள். "காத்தை எந்தச் சொம்புல எறக்குவீங்க?"

கம்பங்களைப் பிடுங்கித் திருப்பினார்கள். சரி, திருப்பியதுதான் திருப்பியாயிற்று, முகப்புப் பக்கமாவது இழுகயிறு கட்டலாம் என்று முனிவேல் முளையை எடுத்தான். அதற்கும் மணியக்காரர் கையை நீட்டினார். "நடந்து வர்ற வழியில கயிறா? ஆபீசர் தடுக்கி விழுந்தா நீயா ஜவாப்பு? ஒரு கயிறு முன்னால வரக்கூடாது."

"சரிங்க."

அவர் போன பிறகு முனிவேல் அக்காளைப் பார்க்காமலே சொன்னான்: "அரை அடி கூட ஆழம் எடுத்துடறேன் அக்கா. கல்லு போட்டு இடிச்சுடறேன்."

"ஏன்டா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியாதுன்னு சொன்னா நாக்கு அழுகியா போயிடும்?"

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டான். நாலடி ஆழத்தில் புதைத்ததால் பழைய கோடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. சென்னம்மாள் தார் டின்னைத் திறந்து எட்டுக் கம்பத்திலும் மண்ணை ஒட்டிப் புதுக் கோடு போட்டாள். கோபத்தோடுதான் போட்டாள். கோடு மட்டும் கோணவில்லை.

நாடகம் மூன்று மணிக்கு. பொழுது சாய்வதற்குள் ஆபீசர் ஓசூர் திரும்ப வேண்டுமாம். அதனால் முதல் நாள் ஆட்டம் மட்டும் பகலில். முன்படுதாவை ஆபீசர்தான் திறந்து வைக்க வேண்டும் என்பது மணியக்காரரின் இன்னொரு ஏற்பாடு. படுதாக் கயிற்றின் நுனியைப் பந்தல் வரைக்கும் இழுத்து, சாமந்திப் பூச் சுற்றி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முளையில் கட்டி வைத்தார்கள். அவர் வந்து இழுக்கும் வரை படுதா மூடியே இருக்க வேண்டும். அந்த ஒரு கயிறு மட்டும் ஆபீசர் காலைத் தடுக்காது போலிருக்கிறது.

மூன்று மணி ஆயிற்று. ஆபீசர் வரவில்லை. மூன்றரைக்குக் காற்று ஏறியது. மந்தைப் புழுதி எழுந்து பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். முன்படுதா உள்பக்கமாக உப்பிக்கொண்டு, மாடு வயிற்றை எக்குவதுபோல் எக்கி எக்கி அடங்கியது. தொங்கல் படபடவென்று அடித்துக்கொண்டது. மேடையின் மரமெல்லாம் முனக ஆரம்பித்தது.

சென்னம்மாள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். புழுதிக்கு மறைவாக ஊர்ப் பெண்களும் குழந்தைகளும் மேடையின் முதுகுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். பூவம்மாளும் இருந்தாள், மடியில் ஒரு பேத்தியோடு. வேறு எங்கேயும் காற்றில்லாத இடம் இல்லை. மேடை சாய்ந்தால் கிழக்கேதான் சாயும். எட்டுக் கம்பமும் உத்தரமும் அவர்கள் தலையில்தான் இறங்கும்.

"எழுந்திருங்க! இங்க உக்காராதீங்க!" என்று கத்தினாள்.

"இங்கயுமா தொரத்தறே?" என்றாள் பூவம்மாள். "முன்னால நாற்காலிக்காரங்க. பின்னாலயும் உக்காரக்கூடாதுன்னா ஊட்டுக்கே போயிடட்டுமா?"

"மேடை விழுந்துடும்!"

"உன் தம்பி கட்டின மேடை விழாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே?"

பெண்கள் சிரித்தார்கள். சென்னம்மாள் தெலுங்கில் "லேவண்டி, லேவண்டி" என்று கத்தினாள். இரண்டு பேர் எழுந்தார்கள்; புழுதி முகத்தில் அடித்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் முன்பக்கம் ஓடி வந்து கம்பங்களைப் பார்த்தாள். ஒன்றாம் நம்பரில் கோடு ஒரு விரல் மேலே. இரண்டாம் நம்பரில் நாலு விரல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வீச்சு வந்தது. இரண்டாம் நம்பர் பல் ஆடுவதுபோல் ஆடி, கோடு இன்னும் ஒரு விரல் ஏறியது. முனிவேலும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டைப் பாருடா! படுதாவைத் தொறந்து விடு!"

"கயிறு அங்க கட்டியிருக்குதே அக்கா. வளையமும் சிக்கிக்கிச்சு."

அவள் பந்தலுக்கு ஓடினாள். "மணியக்காரரே, கயித்தை அவுத்து விடுங்க. மேடை தூக்குது. பின்னால புள்ளைங்க உக்காந்திருக்குது."

"ஆபீசர் பாகலூர் தாண்டிட்டாராம். பத்தே நிமிஷம். அவரு வர்ற வரைக்கும் ஒரு நூலு அசையக்கூடாது."

"வந்து பாருங்க, கோடு அஞ்சு விரல் மேல வந்துடுச்சு!"

"என்னா கோடு? எவன் போட்ட கோடு?"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டையைப் பாதியில் விட்டாள். தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டு பக்கத் தட்டி இடுக்கு வழியாக மேடைக்குள் ஏறினாள். முன்படுதாவை முதலில் அறுத்தால் காற்று முழுக்க உள்ளே வந்து சீனில் மோதும், இன்னும் மோசம். காற்று போக முதலில் பின்னால் வழி வேண்டும். அதாவது முதலில் தர்பார்.

"அக்கா!" முனிவேல் கம்பத்தை விடாமலே கழுத்தைத் திருப்பிக் கத்தினான். "தர்பாரை அறுக்காதே! இரு, நான் போய் அவரைக் கேட்டுட்டு வரேன்!"

கேட்டுட்டு வரானாம்! அதைக் கேட்டதும்தான் அவள் கை எழுந்தது. சிங்காதனத்துக்கு மேலே, எட்டிய உயரத்தில் கத்திரியைக் குத்தி, கீழ்வரைக்கும் இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு கிழி. நாற்பத்துமூன்று ஒட்டும் அவளுக்கு அப்போது தெரிந்தது. எது எந்த மாதம் போட்டது என்றுகூடத் தெரிந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் துணி கெட்டியாக இருந்தது. கத்திரி அங்கெல்லாம் தடுமாறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மணியக்காரரைத் திட்டினாள், ஆபீசரைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள். நாலாவது கிழியில் தர்பார் தோரணம்போல் கிழக்கே பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கிழிந்த அரண்மனைக்குள் கத்திரியோடு நிற்கிறவளைப் பார்த்து அலறி எழுந்து ஓடினார்கள். காலையிலிருந்து அவள் சொன்னதில் அவர்கள் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு பக்கத் தட்டிச் சட்டத்தில் காலை வைத்து ஏறி, முன்படுதாவின் வளையம் கோத்த மேல்வாரை அறுத்தாள். அது சுருண்டு அவள் காலடியில் விழுந்தது. காற்று மேடையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. முனகல் நின்றது. இரண்டாம் நம்பர் ஐந்து விரல் மேலேயே நின்றது. ஆனால் நின்றது.

மேடை விழவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"விழுந்துச்சா?" மணியக்காரர் மேடை முன்னால் வந்து நின்று கத்தினார். "எங்க விழுந்துச்சு? கண்ணு முன்னால நிக்குதே! வேணும்னே பண்ணியிருக்கறா. காலையில இருந்து இதுக்குத்தான் காத்துட்டு இருந்திருக்கறா."

"கோட்டைப் பாருங்க," என்றாள். வேறு எதைக் காட்டுவது? விழாத மேடைக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? அறுபது பேர் சாகாமல் வீட்டுக்குப் போனார்கள் என்பதை யார் எண்ணிக் காட்டுவது? மணியக்காரர் கோட்டைப் பார்த்தார். "மண்ணு காஞ்சு எறங்கியிருக்கும்," என்றார்.

ஐந்தே காலுக்கு ஆபீசர் வந்தார். சாமந்தி சுற்றின கயிறு எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது. படுதா எங்கே என்று கேட்டார்.

"வாடகைக்காரங்க கடைசி நேரத்துல கெடுத்துட்டாங்க சார்," என்றார் மணியக்காரர். "மேடைக்காரன் சரியில்ல."

முனிவேல் இரண்டடி தள்ளித்தான் நின்றான். சென்னம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். தர்பாரை அறுத்தபோதுகூட அவளுக்கு அப்படி எரியவில்லை.

வாலிபர்கள் வெறும் கம்பங்களுக்கு நடுவே ராஜா நாடகம் ஆடினார்கள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஆபீசர் கிளம்பினார். மற்ற இரண்டு நாளுக்கு மணியக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் லாரியில், பாதி வழி வந்தபோது சென்னம்மாள் கேட்டாள்: "உன்னைச் சரியில்லைன்னு சொன்னான். ஏன்டா வாயைத் தொறக்கல?"

முனிவேல் கிழிந்த தர்பாரை மடிமேல் வைத்திருந்தான். "தைச்சுடலாம் அக்கா," என்றான்.

"நான் தைக்கமாட்டேன்."

தைக்கவில்லை. அதை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டாள்.

மணியக்காரர் சொன்னதைச் செய்கிறவர். ஆவணியில் இரண்டு ஊர் வரச் சொல்லியிருந்தன; இரண்டும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டன. புரட்டாசியில் யாரும் கூப்பிடவில்லை. ஐப்பசியில் சந்தையில் ஒருத்தி, "படுதாவை அறுக்கிறவ வரா" என்று இவள் காதுபடவே சொன்னாள். சென்னம்மாள் தராசுத் தட்டைத் தட்டிவிட்டு அவளோடு சந்தை கூடி வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சண்டை போட்டாள். அன்று மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அவ்வளவுதான். நூற்றுப் பதினெட்டு மேடையைக் கட்டின பெயரை ஒரு பிற்பகல் தின்றுவிட்டது. அதுவும் விழுந்த மேடையால் போன பெயர் அல்ல. விழாத மேடையால் போன பெயர்.

கார்த்திகையில் கெலவரப்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஏற்பாடு செய்திருந்தவன் ஏமாற்றிவிட்டதால் வேறு வழியில்லாமல் கூப்பிட்டது. காட்டு சீனை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மந்தையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வண்டியிலிருந்து கம்பத்தை இறக்கும்போதே ஒரு நடுவயசுக்காரர், தலையில் உருமாலை கட்டினவர், கேட்டார்:

"படுதாவை அறுக்கற அம்மா நீங்கதானா? எங்க நாடகத்தையும் அறுத்துடுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சென்னம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் முனிவேல் தோளிலிருந்த கம்பத்தைப் பொத்தென்று கீழே போட்டான்.

"நானுங்க," என்றான். "அந்த மேடை நான் கட்டினது. என்னைக் கேளுங்க."

சிரிப்பு நின்றது.

"காத்து மேக்கால. முகப்பை மேக்கால வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். முன்னால இழுகயிறு கட்டக்கூடாதுன்னாங்க. கட்டல. படுதாவை மூடியே வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். நாலடி புதைச்ச கம்பம் அஞ்சு விரல் மேல வந்துச்சு. பின்னால அறுபது பேரு, பொம்பளைங்களும் புள்ளைங்களும். நான் கம்பத்தைப் புடிச்சுட்டு, மணியக்காரரைக் கேட்டுட்டு வரட்டான்னு நின்னேன். எங்கக்கா நாலு மாசம் தைச்ச துணியை அறுத்துச்சு. நடந்தது அவ்ளோதான். தப்பு என்னுது. மொதல்ல சரிங்கன்னு சொன்னது நான்."

மூச்சு வாங்கினான். பிறகு கடப்பாரையை எடுத்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"இங்க முகப்பு எந்தப் பக்கம்னு நான்தான் சொல்வேன். கார்த்திகையில காத்து கிழக்கால திரும்பிடும். இழுகயிறு எங்க வேணுமோ அங்க கட்டுவேன், யாரு நடந்தாலும் தாண்டித்தான் நடக்கணும். சம்மதம்னா குழி எடுக்கறேன். இல்லன்னா வண்டியைத் திருப்பிடறேன்."

உருமாலைக்காரர் தாடையைச் சொறிந்தார். "இதை அன்னைக்கே அங்க சொல்லியிருக்கலாமில்லப்பா?"

நாலு மாதமாக இதே கேள்வியைச் சென்னம்மாள் முனிவேலிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. களி கிண்டும்போது கேட்டாள், வாசல் கூட்டும்போது கேட்டாள். வேறொருவர் வாயிலிருந்து அது வந்ததும் அவளுக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா? நான் காலையில இருந்து கத்தினேனே, எவன் கேட்டான்? உங்க ஊருன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? இப்ப சொல்றானில்ல, இப்ப கேக்கறதுதானே? முகப்பு அவன் சொல்ற பக்கமா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பொழுது ஏறுது."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, தாயே, அவரு சொல்ற பக்கமே இருக்கட்டும்," என்றார் உருமாலைக்காரர். "எங்களைத் திட்டாதே."

முனிவேல் குழி எடுக்க ஆரம்பித்தான். சென்னம்மாள் கம்பங்களை நம்பர்படி வரிசையாகப் போட்டாள். முதல் குழி முடிந்தது என்று அவன் நிமிர்ந்தபோது அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். மூன்றரை அடி சரியாக இருந்தது.

"இன்னும் அரை அடி எடுடா," என்றாள்.

"போதும் அக்கா," என்றான் முனிவேல், அடுத்த குழிக்குப் போய்க்கொண்டே.